முன்னோட்டத்தில் மட்டும் வந்தவர்

நம் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் முதலில் ஒரு கேள்வி. கேபிள் டி.வி. வந்த புதிதில் வருஷக்கணக்காக ஓடிய அந்தக் குடும்பத் தொடரை நீங்களும் பார்த்தவர்தானே? அதன் முன்னோட்டம் ஒன்றில் கதாநாயகி மஞ்சள் புடவையோடு பாறையிலிருந்து கடலில் விழுவாள். உடனே ஓர் ஆளின் முகம் வரும். வெற்று மார்பு, கட்டம் போட்ட லுங்கி, தோளில் வடக்கயிறு. கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். டடாங், டடாங், டடாங் என்று மூன்று முறை அந்த முகம் பெரிதாகிக்கொண்டே வரும். மூன்றாவது முறை திரையே சிவப்பாகிவிடும். கரகரத்த குரல் ஒன்று, “இவன் யார்? காக்க வந்தவனா, கதையை முடிக்க வந்தவனா?” என்று கேட்கும். “பாவி, இவன்தான் தள்ளிவிட்டிருப்பான்” என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னதில் தப்பில்லை. எல்லோரும்தான் சொன்னார்கள்.

அவர் என் நைனா.

இதை எழுத இத்தனை வருஷம் ஆனதற்குக் காரணம் பயம்தான். யாராவது மனஸ்தாபப்படுவார்களோ, எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்து எதற்கு என்பார்களோ என்று. பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடி வருகிறவள் நான். ஆனால் நைனாவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் அந்தக் கரகரத்த குரல் சொன்னதுதான் கடைசிப் பேச்சாகிவிடும். அந்தப் பயம் மற்ற பயங்களைவிடப் பெரியதாகிவிட்டது.

எங்கள் குப்பம் புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில். கரையை ஒட்டி இரண்டு பாறைகள். ஒன்று உயரம், ஏறலாம். இன்னொன்று தாழ்ந்தது, பாசி மூடியது. அதை வழுக்குப் பாறை என்போம். அம்மாவுடைய தம்பி பதினைந்து வயதில் அந்தப் பாறையிலிருந்துதான் கடலோடு போனார். நான் நடக்க ஆரம்பித்த அன்று அம்மா கற்பூரம் ஏற்றி, “புள்ள அந்தப் பாற மேல கால வெக்காம பாத்துக்கறேன்” என்று நைனாவைச் சத்தியம் செய்ய வைத்தாள். நைனா கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஷூட்டிங் வண்டிகள் வந்தன. இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர். காய்கிற கருவாட்டு வாசனையோடு டீசல் புகை கலந்து ஊரே புது மாதிரி நாறியது. வெள்ளித் தாள் ஒட்டிய பலகைகளைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். வெயில் அந்தப் பலகையில் பட்டு எங்கள் கண்ணைக் குத்தியது. கதாநாயகி வேனை விட்டு இறங்கவே இல்லை. வைக்கோல் பொம்மைக்கு மஞ்சள் புடவை சுற்றி உயரப் பாறைக்குத் தூக்கிப்போனார்கள்.

கரையில் கட்டுமரத்தோடு நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நைனாவைப் பிடித்து நிறுத்தினார்கள். “ஒண்ணும் பண்ண வேணாங்க. கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு கடலப் பாருங்க. வாய மட்டும் திறக்காதீங்க” என்றான் தொப்பி போட்ட ஒருவன். அம்மா அந்த நேரம் அணுசக்தி ஊழியர்களின் குடியிருப்பில் வீடு வீடாக மீன் விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் அத்தை என் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவ்வளவுதான் நடந்தது என்று ஊருக்குத் தெரியும். மீதி நைனாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து முன்னோட்டம் வர ஆரம்பித்தது. நாங்கள் விளம்பரம் என்றுதான் சொல்வோம். தையல் கடை, பலசரக்குக் கடை, சைக்கிள் கடை, எங்கே டி.வி. இருந்ததோ அங்கெல்லாம் நைனா முறைத்துக்கொண்டிருந்தார். காலை பக்திப் பாட்டு முடிந்தால் நைனா. சமையல் குறிப்பு முடிந்தால் நைனா. ஊரே பூரித்துப்போனது. பையன்கள் தோளில் தாம்புக்கயிற்றைப் போட்டுக்கொண்டு கண்ணை இடுக்கி, வாயாலேயே டடாங் போட்டார்கள். டீக்கடையில் நைனாவைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர்.

“இன்னா அண்ணாத்த, அவள நீதான தள்ளின?”

“நான் கயித்த வெச்சிகினு நின்னேன்டா. அவ்ளோதான்.”

“பாத்தியா, சொல்ல மாட்டேன்றாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கினாங்க போல.”

அவர் இல்லை என்று சொல்லச் சொல்ல, இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். இரண்டே நாளில் நைனாவுக்கு ஒரு முழுக் கதை தயாராகிவிட்டது. கதாநாயகியின் மாமனாருக்கு இளம் வயதில் கடற்கரையில் பிறந்த பிள்ளையாம் அவர். சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறாராம். தொடரில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. எல்லாமே அந்த மூன்று டடாங்கிலிருந்து முளைத்தது.

குடியிருப்பில் அம்மாவுக்கு ஏகப்பட்ட மவுசு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா வாசலிலேயே காத்திருப்பார்.

“எனக்கு மட்டும் சொல்லிருங்க, நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். ஒங்க வீட்டுக்காரரு அவள முடிச்சிட்டாரா, காப்பாத்துதாரா?”

“வஞ்சரம் எடுத்துக்கோ, சொல்றேன்” என்பாள் அம்மா. வஞ்சரத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டு, “வெள்ளிக்கெயம சீரியல்ல பாத்துக்கோ” என்று கூடையைத் தூக்கிக்கொள்வாள்.

அதெல்லாம் சிரிப்பு. ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா நண்டு கொண்டுபோய்க் கொடுக்கிற வீடு ஒன்று இருந்தது. போன மாதம் வரை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை நைனாவின் தோளில் ஏறி ஆடும். அந்த வாரம் அந்தம்மா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பக்கத்து வீட்டம்மாவிடம், “எனக்கு எப்பவுமே அந்த ஆள் கண்ணு சரியாப் படல” என்றது எங்களுக்குக் கேட்டது. நைனா நண்டைப் படியில் வைத்துவிட்டு வந்தார். அன்று அந்தக் கண் ஏன் அப்படி இடுங்கியது என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியாது.

அப்போதுதான் அத்தையின் கல்யாணப் பேச்சு. நைனாவின் ஒரே தங்கை. என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான். மாப்பிள்ளைக்குச் செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில்வே வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், தாம்பூலம் மாற்ற நாள் பார்ப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவர். கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றால் இவர் சோறு சாப்பிட மாட்டார்.

அவரிடமிருந்து ஓர் ஆள் வந்து சொன்னது: வெள்ளிக்கிழமை எபிசோடு முடியட்டும், பிறகு நாள் பார்க்கலாம்.

அம்மாவுக்குத் தலை சுற்றியது. “அது கதைதானே, சீரியலுதானே?” என்று வந்த ஆளிடம் கேட்டாள்.

“நானும் அதாம்மா கேட்டேன். அதுக்கு அந்தம்மா இன்னா சொல்லுச்சி தெரியுமா? நடிக்கிறவன் மொறச்சா நடிப்புன்னு வுட்டுர்லாமாம். இவரு நடிகர் இல்லியாம். நடிக்கத் தெரியாதவன் மூஞ்சில வர்றது உள்ள கீறதுதானாம்.”

அத்தை மட்டும், “எங்கண்ணன் வில்லன்னா நான் வில்லன் தங்கச்சி. இஷ்டம்னா கட்டட்டும், இல்லாங்காட்டி போவட்டும்” என்றாள். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை குப்பமே தையல் கடை முன்னால் உட்கார்ந்தது. கதாநாயகி எங்கேயோ கரை ஒதுங்கிக் கண் விழித்தாள். மாமியார் அழுதாள். நைனா வரவில்லை. பாறை வந்தது, அலை வந்தது, நைனா வரவே இல்லை. எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “டேய், அண்ணாத்தய மறச்சி வெச்சிக்கீறாங்கடா! பெருசா இன்னமோ வரப்போவுது!” உடனே எல்லோரும் அதையே பேசினார்கள். மறுநாள் அதே முன்னோட்டம், அதே முகம். கடைசியில் “விரைவில்...” என்று ஒரு சொல் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

செங்கல்பட்டிலிருந்தும் அதே பதில். விரைவில் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

நான் கணக்குப் போட்டேன். அந்தத் தொடர் ஏற்கனவே மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் அத்தைக்குத் தலை நரைத்துவிடும். எனக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். நைனா மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் கவனிக்காத நேரத்தில், “நீ ஒண்ணும் பேசாத. அம்மா தாங்க மாட்டா” என்றார்.

நேரில் போய்ப் பேசிவிடுவது என்று அம்மா முடிவெடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நைனா, அம்மா, நான் மூன்று பேரும் செங்கல்பட்டுக்குப் போனோம். நைனாவுக்கு வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரே மரக்கதவு வைத்த பெட்டிக்குள் கலர் டி.வி. மேலே பூப்போட்ட துணி, அதன் மேல் ஒரு பொம்மை நாய். படம் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்குக் கலர் சோடா கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நைனாவை உட்காரவைத்த இடம் டி.வி.க்குப் பக்கத்து நாற்காலி.

படத்துக்கு இடைவேளை விட்டார்கள். கடல் வந்தது. மஞ்சள் புடவை விழுந்தது. டடாங். அந்தம்மா திரையைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நைனா கையில் கலர் பாட்டிலோடு நெளிந்தார்.

“தப்பா எடுத்துக்காத அண்ணாத்த. எனக்காக அந்த மாரி ஒரு தபா பாரு.”

“எந்த மாரி?”

“அந்த டி.வி.ல பாத்தியே, அந்த மாரி.”

நைனா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே முயற்சி செய்தார். கண்ணை இடுக்கினார். முகத்தைச் சுருக்கினார். பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா, “போதும் போதும்” என்றாள்.

“பாத்தியா தங்கச்சி?” என்று அந்தம்மா அம்மாவிடம் திரும்பினார். கோபமில்லை, பாவமாகத்தான் கேட்டார். “வேணும்னு பண்ணா வரமாட்டேங்குது. அப்ப அன்னிக்கி வந்தது தானா வந்ததுதான? ஒரு பொண்ணு கடல்ல வியுறத பாத்துகினு ஒருத்தன் அப்டி நிக்கறான்னா, அந்த வூட்ல நான் எப்டி பொண்ணெடுப்பேன்?”

நைனா தலையைக் குனிந்துகொண்டார். பதில் அவரிடம் இருந்தது. எனக்காக அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

“நைனா பொம்மையப் பாக்கல” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். “என்னத்தான் பாத்துச்சி.”

“ஏய், சும்மா இரு” என்றார் நைனா.

நான் நிறுத்தவில்லை. கதாநாயகியைப் பார்க்க ஆசைப்பட்டு, உயரப் பாறைக்கு ஷூட்டிங் ஆட்கள் விடாததால், சுற்றிக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறியதைச் சொன்னேன். ஏறின பிறகுதான் பெரிய அலைகள் வந்தன. நான் குப்புறப் படுத்துப் பாறையைக் கட்டிக்கொண்டேன். பாசி வாய்க்குள் போனது. ஊர் முழுதும் உயரப் பாறைப் பக்கம் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா வந்து என்னைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கரையேறினார். தொப்பிக்காரன், “யோவ், கயிறு எங்கய்யா?” என்று கத்தினான். இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தியது.

“அப்ப ஏன் உடனே ஓடல?” என்று கேட்டார் அந்தம்மா. “ஏன் கூப்டல?”

நைனா முதல்முறையாக நிமிர்ந்தார். “கூப்ட்டா புள்ள திரும்பும். திரும்பினா புடி வுட்டுரும்” என்றார்.

அந்தம்மா எழுந்தார். “சவுண்ட சுத்தமா கொறடா” என்று மகனிடம் சொன்னார். மாப்பிள்ளை குறைத்தார். நாங்கள் அத்தனை பேரும் அடுத்த இடைவேளைக்காகக் காத்திருந்தோம். திரையில் யார் யாரோ வாயசைத்தார்கள், மரத்தைச் சுற்றி ஓடினார்கள், அடித்துக்கொண்டார்கள். வெளியே ஜங்ஷனில் எஞ்சின் மாற்றுகிற சத்தம் கேட்டது. கலர் பாட்டில்களில் எறும்பு வந்தது.

வந்தது. கடல், பாறை, மஞ்சள் புடவை. பிறகு நைனா. டடாங் இல்லை, குரல் இல்லை. முகம் மட்டும். அப்போதுதான் நானே பார்த்தேன். ஒவ்வொரு முறை முகம் வரும்போதும் உதடு லேசாக அசைந்தது. மூன்று முகம், மூன்று அசைவு. அந்தச் சத்தத்தில் இதுவரை யாருக்கும் உதடு தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா டி.வி.க்குக் கிட்டே போய்க் குனிந்திருந்தார். அப்படியே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அய்யோ, அலை எண்ணுதுடா இந்த ஆளு!”

செங்கல்பட்டுக்காரர்களுக்கு அது புரிந்திருக்காது. அவர் குப்பத்தில் பிறந்தவர். பெரிய அலை மூன்று வரும், பிறகு கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும், அந்த இடைவெளியில்தான் கட்டுமரத்தைத் தள்ள முடியும், ஆளைத் தூக்க முடியும். நடுவில் குதித்தால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். “எங்க அப்பா இப்டிதான் நிப்பாரு. இதே மூஞ்சி. நானே பாத்துக்கீறன். எப்டி எனக்குத் தெரியாம போச்சி?” என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு நைனாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். நைனா பதறி எழுந்ததில் கலர் பாட்டில் உருண்டது.

பஸ் ஸ்டாண்டில் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள், கும்மென்று. பிறகு கையைப் பிடித்தவள் புதுப்பட்டினத்தில் இறங்கும் வரை விடவில்லை. இறங்குகிற நேரத்தில்தான் நைனாவிடம், “எத்தினி அலை எண்ணின?” என்று கேட்டாள்.

“மூணு.”

“எந்தம்பிக்கு எண்ண ஆளில்ல” என்றாள். கற்பூரச் சத்தியத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசியதே இல்லை.

அடுத்த வாரமே தாம்பூலம் மாற்றினோம். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாப்பிள்ளையின் அம்மா நைனாவைக் காட்டி, “மொறச்சவருன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க இல்ல? இவரு எண்ணினவரு” என்று விளக்கினார். டி.வி.க்காரர்கள் செய்த விளம்பரத்துக்கு அவர் தனியாளாக ஓர் எதிர் விளம்பரம் செய்தார். குடியிருப்பு வரை அது போய்ச் சேர்ந்தது. கம்பிக் கதவு அம்மாவும் திறந்தார். நைனா மறுபடி நண்டு கொண்டுபோனார், கோபம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

அத்தை கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை. எட்டாவது முடித்ததும் நான் நின்றுவிட்டேன். “பொண்ணுதானே, எயுதப் படிக்கத் தெரிஞ்சா போதும்” என்று நைனாவும் அம்மாவும் நினைத்தார்கள். அது தப்பு. கடைசிக் காலத்தில் நைனாவே அதைச் சொன்னார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்ததற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அத்தைக்கு இரண்டு பேத்திகள் இப்போது.

தொடர் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் ஓடியது. கடைசி எபிசோடு அன்று செங்கல்பட்டிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான். எழுபதைத் தாண்டியிருந்தார். “இன்னாடி இது, கடைசி வரிக்கும் உங்க நைனாவக் காட்டவே இல்லியே!” என்று சண்டை பிடித்தார். உண்மை முழுதும் தெரிந்தவர் அவர். தெரிந்தும் அந்த “விரைவில்” என்ற ஒரு சொல்லை நம்பி இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார். சிரித்தேன். என்னிடமும் கொஞ்சம் அந்தக் காத்திருப்பு இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

நைனா பாயில் படுத்துத்தான் போனார், கடலில் இல்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி. அவர் படம் என்று எங்களிடம் இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ள ஒன்றுதான், அதில் அவர் யாரோ மாதிரி இருக்கிறார். கட்டுமரம், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் போனது. தம்பி மகன் போனில் தேடிப் பார்த்தான். தொடரின் அத்தனை எபிசோடும் கிடைக்கிறது. முன்னோட்டங்களை யாரும் எடுத்து வைக்கவில்லை. நைனா அசைந்து, மூச்சு விட்டு, கண் இடுக்கி நிற்கிற அந்த மூன்று விநாடி இப்போது நம் வயதுக்காரர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்த முகம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு ஒரு முறை நினைத்துப் பாருங்கள். உதடு அசையும். ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு வெட்டிவிட்டார்கள்.

மூன்றுக்கு அப்புறம் அவர் வந்தார்.